பைக்கில் செக் லைட் எரிகிறது, லேப்டாப்பை எப்படி மாட்டுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மெக்கானிக் இல்லை. சொந்த வண்டியில் ஆரம்பித்து, அப்புறம் தெருவில் நாலைந்து பேர் வண்டி, நண்பர்கள் வண்டி என்று சீட்டைக் கழற்றி ஒயரை மாட்டிப் பார்த்துப் பழகியவன், அவ்வளவுதான். மாதத்துக்கு இரண்டு பேராவது இதே கேள்விகளைக் கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் மொத்தமாக எழுதிவிட்டேன்.

எல்லா பைக்கையும் லேப்டாப்பில் மாட்ட முடியுமா?

முடியாது. கார்புரேட்டர் வண்டி என்றால் விட்டுவிடுங்கள். பழைய ஸ்பிளெண்டரிலும் பழைய பல்சர் 150-லும் இருப்பது சிடிஐ பெட்டி. எந்த நேரத்தில் ஸ்பார்க் கொடுக்க வேண்டும் என்று அதற்குத் தெரியும், நம்மிடம் எதையும் சொல்லத் தெரியாது. லேப்டாப்போடு பேசுவது இசியு, அதாவது இஞ்சினை நடத்தும் குட்டிக் கம்ப்யூட்டர். அது இருக்க வேண்டுமென்றால் வண்டி எஃப்ஐ, அதாவது ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியாக இருக்க வேண்டும்.

நம் ஊரில் எஃப்ஐ புதிதில்லை. 2006-லேயே கிளாமர் எஃப்ஐ வந்தது, 2007-ல் பல்சர் 220 வந்தது. ஆனால் சாதாரண வண்டிகள் கிட்டத்தட்ட மொத்தமாக எஃப்ஐக்கு மாறியது 2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்6 என்ற புகை விதி வந்த பிறகுதான். வண்டி தன் கோளாறைத் தானே கவனித்துச் சொல்லும் ஏற்பாட்டுக்குப் பெயர் ஓபிடி; அதே நாளிலிருந்து இருசக்கர வாகனங்களுக்கு அதன் முதல் கட்டமான ஓபிடி-1 கட்டாயம். 2023 ஏப்ரலில் ஓபிடி-2ஏ, 2025 ஏப்ரலில் ஓபிடி-2பி. முதல் கட்டத்தில் சென்சார் ஒயர் அறுந்ததா, ஷார்ட் ஆனதா என்ற அளவில்தான் இசியு கவனிக்கும். பிந்தைய கட்டங்களில் மிஸ்ஸிங் ஆகிறதா, சைலன்ஸருக்குள் இருக்கும் கேட்டலிஸ்ட் தேய்ந்துவிட்டதா என்பது வரை போகும். ஆர்சியில் தயாரான மாதமும் பிஎஸ் எண்ணும் இருக்கும், பாருங்கள். 2023-க்குப் பிறகு வந்த வண்டி என்றால் உங்கள் வேலை ரொம்பச் சுலபம். 2017-20 பிஎஸ்4 எஃப்ஐ வண்டிகள்தான் இழுத்தடிக்கும், ஏனென்றால் அவற்றில் பல கம்பெனியின் சொந்த மொழியில் மட்டும் பேசும், பொதுவான ஓபிடி கேள்விகளுக்கு வாயே திறக்காது.

போனிலேயே ஆப் இருக்கிறதே, லேப்டாப் எதற்கு?

இசியு பதிந்துவைக்கும் கோளாறு எண்ணுக்குப் பெயர் கோடு; அது என்ன என்று பார்க்க மட்டும் போன் போதும், பொய் சொல்லமாட்டேன். ஆனால் வண்டி ஓடும்போது வந்து வந்து மறையும் கோளாறு என்றால் பத்து நிமிஷ டேட்டாவைப் பதிவு செய்து, ஆர்பிஎம் வரைபடத்தையும் த்ராட்டில் (ஆக்ஸிலேட்டர் திறப்பு) வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பெரிய திரையில் பார்க்க வேண்டியிருக்கும். அப்புறம் இன்னொன்று. ஆப் 'கனெக்ட் ஆகவில்லை' என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ளும். லேப்டாப்பில் நீங்களே கட்டளையைத் தட்டி, இசியு என்ன பதில் சொன்னது, எங்கே வாயை மூடிக்கொண்டது என்று பார்க்கலாம். அந்த ஒரு காரணத்துக்காகவே நான் பழைய லேப்டாப் ஒன்றை இதற்கென்று வைத்திருக்கிறேன். கீபோர்டில் இரண்டு எழுத்து இல்லை, பரவாயில்லை.

என்னென்ன வாங்க வேண்டும்?

மூன்று பொருள். ஒன்று, லேப்டாப்புக்கும் இசியுவுக்கும் நடுவில் மொழிபெயர்க்கும் ஈஎல்எம்327 அடாப்டர், யுஎஸ்பி ஒயர் உள்ளது. இரண்டு, உங்கள் பைக்கில் ஸ்கேனர் மாட்டும் கப்ளரிலிருந்து காரில் இருக்கும் 16 பின் சாக்கெட்டுக்கு மாற்றித்தரும் ஒயர்; பைக்கில் 16 பின் சாக்கெட் வைக்க இடமில்லை, அதனால் சின்ன கப்ளர்தான் இருக்கும். இப்போதைய வண்டிகளில் பெரும்பாலும் 6 பின் கப்ளர், ஐஎஸ்ஓ 19689 என்ற தரத்தின்படி வருவது. பழைய வண்டிகளில் 3 பின், 4 பின் என்று ஆளாளுக்கு ஒன்று வைத்திருந்தார்கள், அதனால் வண்டி மாடலைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். மூன்று, மல்டிமீட்டர். மூன்றாவதைத்தான் எல்லோரும் வாங்காமல் விடுகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

ப்ளூடூத் அடாப்டரும் வேலை செய்யும். விண்டோஸில் பெயரிங் செய்து, 1234 அல்லது 0000 என்று ரகசிய எண் கொடுத்து, 'அவுட்கோயிங்' என்று போட்டிருக்கும், லேப்டாப் அடாப்டரோடு பேசும் வாசலான காம் போர்ட்டைத் தேட வேண்டும். ஒயர் என்றால் இந்தத் தலைவலி கிடையாது.

மலிவான அடாப்டர் வாங்கினால் ஆகாதா? பெட்டியில் 'வெர்ஷன் 1.5' என்று போட்டிருக்கிறது.

சிரிப்பு வருகிறது, ஏனென்றால் 1.5 என்று ஒரு வெர்ஷனே கிடையாது. ஈஎல்எம்327 சிப்பை உண்டாக்கியது கனடாவில் இருந்த எல்ம் எலக்ட்ரானிக்ஸ் என்ற சின்ன நிறுவனம். அவர்கள் 1.4-க்கு அப்புறம் நேராக 2.0-க்குப் போய்விட்டார்கள். 2022-ல் கடையையும் மூடிவிட்டார்கள். சந்தையில் கிடைக்கும் 1.5 எல்லாமே காப்பி.

காப்பி என்றால் வேலை செய்யாது என்று அர்த்தமில்லை. என்னிடம் இருக்கும் ஒரு 1.5 நன்றாகத்தான் ஓடுகிறது. '2.1' என்று போட்டு வரும் காப்பிகளில் பலவற்றில்தான் பல கட்டளைகளை வெட்டி எறிந்திருப்பார்கள், கே-லைன் (பழைய எஃப்ஐ வண்டிகள் பேசும் ஒற்றை ஒயர்) சரியாகப் பேசாது. கொஞ்சம் செலவு செய்யலாம் என்றால் எஸ்டிஎன் சிப் போட்ட ஓபிடிலிங்க் வகை அடாப்டர் வாங்குங்கள், அது நல்ல சரக்கு.

யுஎஸ்பி பக்கத்திலும் போலி உண்டு. யுஎஸ்பி ஒயருக்குள் இருக்கும் எஃப்டிடிஐ என்ற சிப்புக்கு இத்தனை போலிகள் வந்ததில் அந்தக் கம்பெனிக்குக் கோபம் வந்து, 2014-ல் விண்டோஸ் அப்டேட் வழியாகப் போன டிரைவர் போலி சிப்புகளின் அடையாள எண்ணையே பூஜ்யமாக்கிவிட்டது; நேற்று வரை ஓடிய கேபிள் காலையில் செத்துக்கிடந்தது. இப்போது சிஎச்340 சிப் போட்டு வருபவை எந்தத் தகராறும் இல்லாமல் ஓடுகின்றன.

கப்ளர் வண்டியில் எங்கே இருக்கும்?

சீட்டுக்கு அடியில், பேட்டரிக்குப் பக்கத்தில், அல்லது சைடு கவருக்குள். எதுவும் மாட்டப்படாமல், வாயில் ரப்பர் மூடியோ வெறும் பிளாஸ்டிக் மூடியோ போட்டுக்கொண்டு தனியாகத் தொங்கும் கப்ளரைத் தேடுங்கள். சிவப்பு நிறத்தில் இருந்தால் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் தனியாகத் தொங்குவதெல்லாம் அதுவாக இருக்க வேண்டும் என்பதில்லை, அலாரத்துக்கோ வேறு துணைப்பொருளுக்கோ விட்டுவைத்த கப்ளராகவும் இருக்கலாம். அதனால்தான் மீட்டர்.

கப்ளரில் எந்தப் பின் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மாடலுக்கு ஏற்ற ஒயர் வாங்கினால் இது தேவையில்லை. ஆனாலும் முதல் முறை மாட்டுவதற்கு முன்னால் அளந்துவிடுங்கள், கடைக்காரர் வேறு மாடல் ஒயரைக் கொடுத்து அனுப்பிய கதை எனக்கே நடந்திருக்கிறது.

மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி மைனஸில் வையுங்கள். சாவியை ஆன் செய்து சிவப்பு முனையை ஒவ்வொரு பின்னிலும் தொடுங்கள். 12 வோல்ட் காட்டினால் அது பேட்டரி லைன், இல்லை கே-லைன். கே-லைனும் சும்மா இருக்கும்போது பேட்டரி வோல்டேஜுக்குப் பக்கத்தில்தான் நிற்கும், ஆகவே இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒரு சின்ன இண்டிகேட்டர் பல்பை அந்தப் பின்னுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தால் பேட்டரி லைனில் பளிச்சென்று எரியும், கே-லைனில் எரியாது. சுமார் 2.5 வோல்ட் காட்டும் பின்கள் இரண்டு இருந்தால் அது கேன், அதாவது புதிய வண்டிகள் பேசும் இரட்டை ஒயர் ஜோடி. அதை உறுதி செய்ய சாவியை அணைத்துவிட்டு இரண்டுக்கும் நடுவே ஓம்ஸ் பாருங்கள். 60 ஓம்ஸ் பக்கம் வர வேண்டும். அந்த ஜோடியின் இரண்டு முனையிலும் 120 ஓம்ஸ் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருப்பதால் அந்தக் கணக்கு. 120 காட்டினால் ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கிறது.

16 பின் பக்கத்தில் எண்கள் எப்போதும் ஒன்றுதான்: 4-ம் 5-ம் எர்த், 16 பேட்டரி பிளஸ், 7 கே-லைன், 6-ம் 14-ம் கேன். பேட்டரி பிளஸ்ஸை கேன் பின்னில் மட்டும் மாட்டிவிடாதீர்கள், இசியு விலையைக் கேட்டால் மயக்கம் வரும்.

சரி, மாட்டியாகிவிட்டது. அப்புறம்?

சாவி ஆன், ஹேண்டிலில் இஞ்சினை நிறுத்த இருக்கும் கில் ஸ்விட்சும் ஆன். இந்தக் கில் ஸ்விட்ச்தான் பாதிப் பேரைக் கவிழ்க்கிறது. பல வண்டிகளில் அது ஆஃபில் இருந்தால் இசியுவுக்கே கரண்ட் போகாது. இஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம், முதலில் சும்மா பேசிப் பார்ப்போம்.

லேப்டாப்பில் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் புதிதாக ஒரு காம் போர்ட் வந்திருக்கும். அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு புட்டி போன்ற டெர்மினல் சாஃப்ட்வேரில் சீரியல் என்று தேர்ந்தெடுத்து, வேகம் 38400 என்று கொடுங்கள். லினக்ஸ் என்றால் உங்கள் யூசரை டயல்அவுட் குரூப்பில் சேர்க்காமல் போர்ட் திறக்காது. இனி வருவதையெல்லாம் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். 'ஏடி இசட்' என்று தட்டி எண்டர் போட்டால் அடாப்டர் தன் பெயரையும் வெர்ஷனையும் சொல்லும். 'ஏடி ஆர்வி' என்றால் பேட்டரி வோல்டேஜ். 'ஏடி எஸ்பி 0' என்றால் வண்டி எந்த மொழி பேசுகிறது என்று நீயே கண்டுபிடித்துக்கொள் என்று அடாப்டரிடம் சொல்வது.

இப்போது 0105 என்று தட்டுங்கள். 01 என்றால் இப்போதைய நிலவரம், 05 என்றால் இஞ்சின் வெப்பம். முதல் தடவை கொஞ்சம் தேடும், அப்புறம் இப்படி ஒரு வரி வரும்:

41 05 73

41 என்றால் நீ கேட்ட 01-க்கு இது பதில் என்று பொருள். 05 நாம் கேட்டது. 73 தான் சரக்கு. அது பதினாறடிமான எண். ஏழு பதினாறு நூற்றிப் பன்னிரண்டு, கூட மூன்று, ஆக 115. அதில் 40-ஐக் கழித்தால் 75 டிகிரி. இஞ்சின் 75 டிகிரியில் இருக்கிறது. முதல் தடவை இந்த வரியைப் பார்த்தபோது ராத்திரி பதினொன்றரை மணி, வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், எழுப்பிக் காட்டவேண்டும் போல இருந்தது.

கோடு பார்க்க வெறும் 03 என்று தட்டினால் போதும். கேன் வண்டி என்றால் பதில் இப்படி இருக்கும்:

43 01 01 13

43 என்பது 03-க்கான பதில், அடுத்த 01 என்பது ஒரே ஒரு கோடு இருக்கிறது என்ற கணக்கு, கடைசி 01 13 தான் கோடு. முன்னால் ஒரு 'பி' சேர்த்துப் படித்தால் பி0113. கே-லைன் வண்டியில் அந்த நடு எண்ணிக்கை வராது, கோடுகள் நேராக வந்து மீதி இடத்தைப் பூஜ்யங்கள் நிரப்பும்.

தினமும் இப்படித் தட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. விண்டோஸில் ஸ்கேன்மாஸ்டர் போன்றவை இருக்கின்றன, பைத்தான் தெரிந்தால் பைத்தான்-ஓபிடி என்ற இலவச லைப்ரரி இருக்கிறது, பத்து வரியில் லாக், அதாவது டேட்டாப் பதிவு, எடுத்துவிடலாம். பழைய டிரையம்ப், கேடிஎம் பெரிய வண்டிகள் வைத்திருப்பவர்கள் டியூன்இசியு பக்கம் போவார்கள். ஆனால் ஒரு தடவையாவது கையால் தட்டிப் பாருங்கள், அப்புறம் எந்த சாஃப்ட்வேர் பொய் சொன்னாலும் உங்களுக்குத் தெரியும்.

'நோ டேட்டா', 'அனேபிள் டு கனெக்ட்' என்றே வருகிறது.

கில் ஸ்விட்ச் பார்த்தீர்களா? பார்த்தீர்கள் என்றால் வோல்டேஜ். 'ஏடி ஆர்வி' 12-க்குக் கீழே காட்டினால் பேட்டரியை முதலில் சார்ஜ் போடுங்கள். நிறைந்த பேட்டரி சும்மா நிற்கும்போது 12.6 பக்கம் இருக்க வேண்டும். சில வண்டிகளில் சாவி போட்டவுடனேயே ஹெட்லைட் எரியும், அதை அணைக்க ஸ்விட்சும் கிடையாது, நீங்கள் அரை மணி நேரம் காம் போர்ட்டோடு மல்லுக்கட்டும்போது அது பேட்டரியைக் குடித்துக்கொண்டிருக்கும்.

வோல்டேஜ் சரி என்றால் மொழியை நீங்களே சொல்லிக் கொடுங்கள். 'ஏடி எஸ்பி 6' என்றால் கேன், நொடிக்கு 5 லட்சம் பிட். 'ஏடி எஸ்பி 5' என்றால் கே-லைனில் ஓடும் கேடபிள்யூபி2000, நொடிக்கு வெறும் 10,400 பிட். இரண்டிலும் பதில் இல்லை, ஆனால் கப்ளரில் வோல்டேஜ் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றால் உங்கள் வண்டி நான் முன்னால் சொன்ன, சொந்த மொழி மட்டும் பேசும் ரகம். அதற்கு அந்தக் கம்பெனியின் ஸ்கேனர்தான் வழி, இல்லாவிட்டால் கீழே சொல்லும் லைட் கண் சிமிட்டும் முறை.

இன்னொன்று, லேப்டாப்பை சார்ஜரில் போட்டுக்கொண்டே வண்டியில் மாட்டாதீர்கள். எர்த் பின் இல்லாத சார்ஜரில் லேப்டாப் உடம்பைத் தொட்டால் லேசாகச் சுரீர் என்று இருக்குமே, அந்தக் கசிவு ஒயர் வழியாக வண்டிக்கும் போகும்.

லேப்டாப் இல்லாமலேயே கோடு பார்க்க முடியுமாமே?

முடியும். ஹோண்டா வண்டிகளில் இந்தப் பழக்கம் வெகுநாளாக உண்டு. சர்வீஸ் கப்ளரில் குறிப்பிட்ட இரண்டு முனைகளை இணைத்துவிட்டு சாவி போட்டால் மீட்டரில் உள்ள எஃப்ஐ லைட் கண் சிமிட்டும். நீண்ட சிமிட்டல் பத்து, குட்டிச் சிமிட்டல் ஒன்று. இரண்டு நீளம் ஒரு குட்டி என்றால் 21, அது ஆக்ஸிஜன் சென்சார். ஏழு குட்டி என்றால் இஞ்சின் வெப்ப சென்சார், எட்டு த்ராட்டில், ஒன்பது உள்ளே போகும் காற்றின் வெப்பம், பன்னிரண்டு இன்ஜெக்டர். பேனாவும் பேப்பரும் வைத்துக்கொண்டு எண்ணுங்கள், மனக்கணக்கு தப்பும்.

என்ன கோடு வந்தால் என்ன அர்த்தம்?

முழுப் பட்டியல் எங்கேயும் கிடைக்கும், பைக்கில் அடிக்கடி பார்ப்பதை மட்டும் சொல்கிறேன். பி0107, பி0108 மேப் சென்சார், அதாவது இஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது. பி0112, பி0113 காற்று வெப்பம். பி0117, பி0118 இஞ்சின் வெப்பம். பி0122, பி0123 த்ராட்டில் பொசிஷன். பி0131, பி0132 ஆக்ஸிஜன் சென்சார். பி0201 இன்ஜெக்டர் சர்க்யூட், பி0335 கிராங்க் சென்சார், பி0351 இக்னிஷன் காயில், பி0562 பேட்டரி வோல்டேஜ் குறைவு. 'பி1' என்று ஆரம்பித்தால் அது அந்தக் கம்பெனி தானே வைத்துக்கொண்ட கோடு, பொதுப் பட்டியலில் தேடி ஏமாறாதீர்கள்.

இந்த ஜோடிகளில் ஒன்று 'லோ', இன்னொன்று 'ஹை'. இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். பி0113 'ஹை' என்றால் காற்று சூடாக இருக்கிறது என்று பொருள் இல்லை. சென்சாரிலிருந்து வரும் வோல்டேஜ் அதிகம் என்று பொருள். வெப்ப சென்சாரில் சூடு ஏற ஏற ஓம்ஸ் குறையும், வோல்டேஜும் குறையும். அப்படியானால் வோல்டேஜ் முழு 5-க்குப் போய்விட்டால் இசியு அதைக் கடுங்குளிர் என்று படிக்கும். ஒயர் அறுந்தாலும் அதே 5 வோல்ட்தான். ஆக வெப்ப சென்சாரில் 'ஹை' என்றால் பெரும்பாலும் அறுந்தது, 'லோ' என்றால் பெரும்பாலும் எர்த்தோடு ஒட்டிக்கொண்டது.

கோடு சொன்ன சென்சாரை மாற்றிவிட்டால் சரியாகிவிடும்தானே?

இல்லை. இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இத்தனை நீளம் எழுதுகிறேன்.

என் 350 சிசி வண்டியில் ஒரு மே மாதம் செக் லைட் எரிந்தது. ஸ்லோ ஸ்பீடு ஏறி இறங்கியது, மைலேஜ் 34-லிருந்து 28-க்கு வந்துவிட்டது. ஒரு சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரைப் போட்டுப் பார்த்துவிட்டு சென்சார் கம்ப்ளெயின்ட், த்ராட்டில் பாடியோடு சேர்த்து மாற்றினால்தான் நல்லது என்று எட்டாயிரத்துச் சொச்சம் எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

வீட்டில் மாட்டிப் பார்த்தால் பி0113. லைவ் டேட்டாவில் காற்றின் வெப்பம் மைனஸ் 40 டிகிரி. சேலத்தில், மே மாதம், மத்தியானம் இரண்டு மணி! மைனஸ் 40 என்பது எண் பூஜ்யமாக வந்தால் கிடைக்கும் கணக்கு, அதாவது இசியு எதையும் பார்க்கவில்லை. இசியு ஏதோ ஒரு தோராய எண்ணை வைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூட்டி ஊற்றிச் சமாளித்துக்கொண்டிருந்தது, பிளக்கைக் கழற்றினால் கரி.

சென்சார் கப்ளரைப் பிடுங்கி சென்சாரில் ஓம்ஸ் பார்த்தேன், ஒன்றரை கிலோ ஓம் அளவில் காட்டியது. ஹேர் டிரையர் காட்டினால் குறைந்தது. சென்சார் நல்லாத்தான் இருக்கிறது. ஒயர் பக்கத்துக் கப்ளரில் 5 வோல்ட் வர வேண்டும், வரவில்லை. ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனால் ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் பின்னால், டேப் சுற்றிய இடத்தில், எலி கடித்திருந்தது. பக்கத்திலேயே அதன் புழுக்கை. ஈயம் வைத்துப் பற்றி, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு மூடினேன். செலவு ஸ்லீவுக்கு இருபது ரூபாய்.

எந்தச் சர்க்யூட்டில் தேட வேண்டும் என்பதைத்தான் கோடு சொல்கிறது. அந்தச் சர்க்யூட்டில் சென்சார், இரண்டு கப்ளர், ஒன்றரை மீட்டர் ஒயர், எர்த் எல்லாம் இருக்கின்றன. சென்சாரை வாங்குவதற்கு முன் கப்ளரைப் பிடுங்கிப் பச்சை படிந்திருக்கிறதா பாருங்கள், உள்ளே இருக்கும் உலோகப் பின் பின்னால் தள்ளிப்போயிருக்கிறதா பாருங்கள், 5 வோல்ட் வருகிறதா பாருங்கள். இவ்வளவும் சரியாக இருந்தால் சென்சாரை வாங்குங்கள்.

லைவ் டேட்டாவில் எதைப் பார்ப்பது?

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவி மட்டும் போட்டு, இஞ்சின் வெப்பமும் காற்று வெப்பமும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் பரவாயில்லை. ஒன்று 28, இன்னொன்று 45 என்றால் ஏதோ ஒரு சென்சார் பொய் சொல்கிறது, கோடு விழாவிட்டாலும்.

அதே நிலையில் மேப் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும். சென்னையில் 100 கிலோபாஸ்கல் பக்கம், ஓசூரில் 91 பக்கம், ஊட்டியில் 77 பக்கம். சென்னையில் நின்றுகொண்டு 80 என்று காட்டினால் உங்கள் வண்டி தான் மலைமேல் இருப்பதாக நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் குறைத்து ஊற்றும். இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை, ஆனால் யாரும் செய்வதில்லை.

த்ராட்டிலுக்கு 0111. ஆக்ஸிலேட்டரை ரொம்ப மெதுவாக முறுக்கிக்கொண்டே எண் சீராக ஏறுகிறதா பாருங்கள், நடுவில் திடீரென்று விழுந்து ஏறினால் அந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது. ஆக்ஸிஜன் சென்சார் இஞ்சின் சூடான பிறகு 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே ஊஞ்சல் ஆட வேண்டும், ஒரே இடத்தில் நின்றால் சந்தேகப்படுங்கள். வண்டி ஓடும்போது சார்ஜிங் 13.8-லிருந்து 14.5-க்குள்.

கோடு எதுவும் இல்லை, ஆனால் வண்டி ஓடும்போது திடீர் திடீரென்று கட் ஆகிறது.

லேப்டாப்புக்கு உண்மையான வேலை இங்கேதான். ஆர்பிஎம், வேகம், வோல்டேஜ் மூன்றை மட்டும் லாக்கில் போடுங்கள். கே-லைன் மெதுவானது, பத்து விஷயம் கேட்டால் ஒவ்வொன்றும் சில நொடிக்கு ஒருமுறைதான் வரும், கட் ஆகும் கணம் நழுவிப்போகும். லேப்டாப்பை மூடினாலும் தூங்காதபடி செட்டிங்கை மாற்றி, எஸ்எஸ்டி உள்ள லேப்டாப்பாக எடுத்து, முதுகுப்பையில் துணி சுற்றி வைத்து ஓட்டுங்கள். ஓட்டும்போது திரையைப் பார்க்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து லாக்கைத் திறங்கள். கியரில் போகும்போது கட் ஆனால் சக்கரம் இஞ்சினைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அப்போது வேகம் 45 காட்டும்போதே ஆர்பிஎம் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்திருந்தால் இசியுவுக்கு கிராங்க் சென்சார் சிக்னல் போகவில்லை. கப்ளர், ஒயர், இல்லை சென்சார். வேகத்தோடு சேர்ந்து ஆர்பிஎம்மும் மெதுவாகச் சரிந்திருந்தால் சிக்னல் இருக்கிறது, பெட்ரோலோ ஸ்பார்க்கோ வரவில்லை. பம்ப், ஃபில்டர், காயில் பக்கம் போங்கள். லாக்கே அந்த இடத்தில் அறுந்து, அடாப்டர் தொடர்பு போயிருந்தால் இசியுவுக்கே கரண்ட் நின்றிருக்கிறது. பேட்டரி முனை லூஸ், மெயின் ரிலே, கில் ஸ்விட்ச். முதலில் பேட்டரி முனை ஸ்க்ரூவைத் திருகிப் பாருங்கள், நான் பார்த்த நாலு வண்டியில் இரண்டில் அதுதான்.

கோடை அழித்துவிடலாமா?

04 என்று தட்டினால் அழிந்துவிடும். அதற்கு முன் கோடை எழுதி வையுங்கள், கோடு விழுந்த நேரத்தில் ஆர்பிஎம் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்று இசியு எடுத்துவைத்திருக்கும் ஃப்ரீஸ் ஃபிரேமையும் பாருங்கள். 04 போட்டால் அதுவும் சேர்ந்து போய்விடும். இஞ்சினை அணைத்து, சாவி மட்டும் ஆனில் வைத்து அழியுங்கள். அழித்துவிட்டு வண்டியை விற்கப் போகிறீர்கள் என்றால், கோளாறு சரியாகாமல் லைட் மட்டும் அணைந்தால் மறுபடி வரும், வாங்கினவரும் உங்கள் வீட்டுக்கு வருவார்.

ஏபிஎஸ் லைட்டும் இதில் தெரியுமா?

சாதாரண ஈஎல்எம் சாஃப்ட்வேரில் தெரியாது. ஏபிஎஸ் தனிப் பெட்டி, கம்பெனிக்குக் கம்பெனி வேறு மொழி. சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சென்சார் முனையில் சேறு, இரும்புத்தூள் ஒட்டியிருக்கிறதா என்று துடைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

லேப்டாப்பை மாட்டினால் வாரண்டி போகுமா? மேப்பையும் மாற்றிவிடலாமா?

மேலே சொன்னதில் 04 தவிர மற்றவை எல்லாம் படிப்பது மட்டும்தான், இசியுவில் எதையும் எழுதுவதில்லை. கப்ளரில் மாட்டிக் கழற்றினால் தடயமும் இருக்காது. ஒயரைச் சீவி நடுவில் பற்றவைக்காதீர்கள், அது கண்ணுக்குத் தெரியும்.

இந்த மேப் என்பது எப்போது எவ்வளவு பெட்ரோல் ஊற்றுவது என்று இசியுவுக்குள் இருக்கும் அட்டவணை; அதை மாற்றுவது வேறு விஷயம். எழுதிக்கொண்டிருக்கும்போது பேட்டரி இறங்கினாலோ லேப்டாப் தூங்கிவிட்டாலோ இசியு செங்கல் மாதிரி உயிரில்லாமல் போய்விடும், வாரண்டி கேட்டுப்போனால் மறுப்பதற்கு நீங்களே காரணம் எடுத்துக்கொடுத்தது போலவும் ஆகும். நான் செய்ததில்லை, செய்யச் சொல்லவும் மாட்டேன்.

அடாப்டரை வண்டியிலேயே விட்டுவிடலாமா?

வேண்டாம். பல வண்டிகளில் அந்தப் பிளஸ் பின் சாவி இல்லாமலேயே உயிரோடு இருக்கும், அடாப்டர் ராத்திரி பகலாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். கார் பேட்டரி தாங்கும், 4 ஏஎச் பைக் பேட்டரி ஒரு வாரத்தில் படுத்துவிடும்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு மெக்கானிக்கிடம் எப்படிப் பேசுவது?

'அண்ணே, இந்த சென்சாரை மாத்திடுங்க' என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் முப்பது வருஷமாகச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கிறவர், முகம் மாறிவிடும், மாறாவிட்டாலும் நீங்கள் சொன்னதை மட்டும் மாற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். 'பி0113 வந்துச்சு, சென்சார் ஓம்ஸ் சரியா இருக்கு, ஒயர் பக்கம் அஞ்சு வோல்ட் வரலை, எங்க அறுந்திருக்கும்னு பாருங்கண்ணே' என்று சொன்னால் போதும். எங்கள் தெருமுனை அண்ணன் இப்போது சந்தேகமான எஃப்ஐ வண்டி வந்தால் எனக்கே போன் போடுகிறார், "தம்பி, அந்தப் பொட்டியை எடுத்துட்டு வா, டீ வாங்கித் தர்றேன்" என்று. போன மாதம் போய்ப் பார்த்த ஸ்கூட்டரில் கப்ளருக்குள் மழைத்தண்ணி நின்றிருந்தது. முன்னால் பார்த்த யாரோ ரப்பர் மூடியைத் திருப்பிப் போடவில்லை. அந்த மூடியைக் கழற்றினால் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், சீட்டை மாட்டும் முன் கையில் கிடைக்கும்.